என் ரத்தம் ஓ ஆன மத்தியானம்

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பரிசோதனைக் கூடத்துக்கு டி.என்.ஏ. பார்க்கும் இயந்திரம் ஒன்று வந்திருக்கிறது. அதற்கு மாலை போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கித் தொடங்கி வைக்கப் பழைய ஆள் ஒருவர் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். உயிரோடு இருக்கிற பழைய ஆள் நான் ஒருவன்தான் என்பதால் போட்டி எதுவும் இல்லை. காப்பி கொடுத்து உட்காரவைத்த பிறகு அங்கே வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, "இந்த மெஷின் இல்லாத காலத்துல, அப்பா யாருன்னு எப்பிடி சார் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள். "அம்மாவைக் கேட்டோம்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்றுதான் நானும் சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்குத்தான் சுருக்கென்றது. உண்மையில் நாங்கள் கேட்கவில்லை. அந்தக் கதையை அங்கே, கேக் வெட்டுகிற அவசரத்தில், சொல்ல முடியாது என்று எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டு வந்துவிட்டேன்.

ஐம்பத்து நாலில் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய சில வாரங்களில் டாக்டர் லூர்துவிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ரெட்டியார்பாளையத்தில் மணிலாக் கொட்டை என்கிற நிலக்கடலை பயிரிட்ட குடும்பம் எங்களுடையது. பிரெஞ்சுப் பள்ளியில் நான் படித்து முடித்ததே எங்கள் தெருவுக்குப் பெரிய செய்தி. வேலை என்னவென்று தெரிந்ததும் என் அப்பா, "ஊரான் மூத்திரத்த மோந்து பாக்கறதுக்கா ஒன்ன படிக்க வச்சேன்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. முதல் வருடம் சீசா கழுவினேன். இரண்டாம் வருடம் நுண்ணோக்கியைத் தொட விட்டார்கள். மூன்றாம் வருடம்தான் ரத்தம் பார்க்கும் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி கிடைத்தது.

கூடம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஊரைப் பிரிக்கிற கால்வாய்க்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர் பக்கம், டாக்டரின் வீட்டுக் கீழ்த்தளத்தில் மூன்று அறை. ஆட்கள் டாக்டர், நான், பாவாடை. எங்கள் பக்கத்தில் பாவாடை ஆம்பளைப் பெயர் என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கூட்டுவது, துடைப்பது, வந்தவர்களை வரிசையில் உட்காரவைப்பது, அவர்கள் கையை ஆட்டாமல் பிடித்துக்கொள்வது எல்லாம் அவர் வேலை.

டாக்டர் லூர்துவை நாங்கள், பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி, முசே என்போம். நம்மூர்த் தமிழர்தான், பாரிஸில் படித்தவர். வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டார். அவருக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை மாடியில் தூங்குவார். கடல் ஊருக்குள் வந்தாலும் எழுப்பக் கூடாது. இன்னொன்று, அவர் பார்த்துப் பச்சை மையில் கையெழுத்துப் போடாமல் ஒரு துண்டுச் சீட்டுகூட வாசலைத் தாண்டக் கூடாது.

ரத்தப் பிரிவு பார்க்கும் முறையை இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கண்ணாடிச் சில்லில் இரண்டு சொட்டு சீரம். ஒன்று ஏ ரத்தத்தைத் திரியவைக்கும், மற்றது பி ரத்தத்தைத் திரியவைக்கும். இரண்டிலும் நோயாளியின் ரத்தத்தைக் கொஞ்சம் கலந்து சில்லை மெல்ல ஆட்ட வேண்டும். முதல் சொட்டு மட்டும் எலுமிச்சை விழுந்த பால் மாதிரித் திரிந்தால் ஏ. இரண்டாவது மட்டும் திரிந்தால் பி. இரண்டும் திரிந்தால் ஏபி. எதுவும் திரியாவிட்டால் ஓ. பார்க்கச் சுலபம், அதனால்தான் ஆபத்து. சீரம் கெட்டுப்போயிருந்தாலும் எதுவும் திரியாது. அதற்காக முசே ஒரு வழக்கம் வைத்திருந்தார். தினம் காலை எட்டு மணிக்கு நானும் பாவாடையும் விரலைக் குத்திக்கொள்ள வேண்டும். நான் ஏ, அவர் பி. எங்கள் இருவர் ரத்தமும் ஒழுங்காகத் திரிந்தால்தான் அன்றைக்குச் சீசாவைத் தொடலாம். "மாசச் சம்பளத்துக்கு ரத்தத்த உறியறாங்கன்னு கேள்விப்பட்டிருக்கறன். இங்கதான் சாமி கண்ணால பாக்கறன்" என்று பாவாடை தினமும் சொல்வார். தினமும் முசே காதில் விழாத மாதிரி இருப்பார்.

சீரம் கப்பலில் வரும். வந்ததைக் குளிர்ச்சியில் வைக்க ஒரு ஃப்ரிஜிதேர் இருந்தது. அந்த வீதிக்கே அது ஒன்றுதான். சீரத்துக்காக வாங்கியது என்று பெயர். திறந்து பார்த்தால் முசேவின் மனைவி மதாமின் வெண்ணெய், மதாமின் பாலாடைக்கட்டி, எதிர்வீட்டு வக்கீலின் பாட்டில், அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்குக் கட்டிய பூ. இவற்றுக்கு நடுவில் ஒரு மூலையில் எங்கள் சீரப்பெட்டி ஒடுங்கிக்கொண்டிருக்கும்.

முசேவுக்குப் பிரான்ஸிலிருந்து விஞ்ஞானப் பத்திரிகைகள் வரும். படித்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டும், கிடைத்தவர்கள் நாங்கள். மனிதனின் ஒவ்வொரு உயிரணுவிலும் நாற்பத்தெட்டுக் குரோமோசோம் என்று எனக்குப் பாடம் நடத்தியவர், ஒருநாள் காலையில் பத்திரிகையோடு இறங்கி வந்து, "கலியன், உன் நோட்ட எடு. நாப்பத்தெட்ட அடிச்சிட்டு நாப்பத்தாறுன்னு எழுது" என்றார். யாரோ சரியாக எண்ணிப் பார்த்துவிட்டார்களாம். அதோடு விடவில்லை. தன்னிடம் முன்பு படித்துப் போனவர்கள் விலாசத்தையெல்லாம் தேடி, நான் உங்களுக்கு இரண்டு அதிகமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்று ஆளுக்கொரு கடிதம் எழுதினார். தபால்தலை ஒட்டியது நான். அந்த இரண்டால் யாருக்கும் ஒரு காய்ச்சல்கூட வந்திருக்காது. "இதுக்கு எதுக்கு முசே காயிதம்?" என்றேன். "தப்பு என்னுது. அவங்க ஏன் சொமக்கணும்?" என்றார்.

இன்னொரு நாள், டி.என்.ஏ.யைக் கண்ணில் காட்டுகிறேன் என்றார். அதற்குக் குட்டி ஆட்டின் கழுத்தடியில் இருக்கும் தைமஸ் என்கிற சதை வேண்டும். கசாப்புக் கடைக்காரரிடம் அதற்குப் பெயர் சொல்லத் தெரியாமல், என் கழுத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டி வாங்கி வந்தேன். பிரெஞ்சுச் சமையலில் அதை வெண்ணெயில் வதக்குவார்களாம். மதாமின் சமையல்காரர் அது அடுப்படிக்கு வந்ததென்று நினைத்து வெங்காயம் அரிந்து தயாராக இருந்தார். அவரிடமிருந்து மீட்பதே பெரும்பாடாகிவிட்டது. அரைத்து, உப்புநீரில் அலசி, இன்னும் கெட்டியான உப்புநீரில் கரைத்து, அதன் மேல் குளிர்ந்த சாராயத்தைப் பக்கவாட்டில் மெதுவாக ஊற்றினார் முசே. இரண்டும் சேருமிடத்தில் வெள்ளை வெள்ளையாக நூல் எழுந்தது. கண்ணாடிக் குச்சியால் சுற்றிச் சுற்றி எடுத்தார்.

"இதுல இருக்குது கலியன், அப்பன் பாட்டன் எல்லாம். முறுக்கின ஏணி மாதிரியாம் இதோட உருவம்."

பாவாடை எட்டிப் பார்த்து, "சளி மாதிரி இருக்குது சாமி" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் அன்றிலிருந்து எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. எந்த அப்பனுக்கும் அம்மாவுக்கும் எந்த ரத்தத்தில் பிள்ளை பிறக்கும், எதில் பிறக்காது என்று முசே கட்டம் போட்டுக் காட்டியதை மனப்பாடம் செய்தேன். அரைகுறையாகத் தெரிந்தவன் வாய் சும்மா இருக்காது.

அடுத்த கோடையில்தான் அந்த மத்தியானம் வந்தது. மதாம் வீட்டில் ஒரு விருந்து. கேக்குக்கு இடம் வேண்டும் என்று சீரப்பெட்டியை வெளியே எடுத்து அலமாரி மேல் வைத்தேன். மூன்று நாள் கழித்து எடுத்து உள்ளே வைத்தேன். அந்த மூன்று நாளில் ரத்தப் பிரிவு பார்க்க யாரும் வரவில்லை. நான்காம் நாளும் காலையில் யாரும் வரவில்லை. விரலில் வேறு நகச்சுற்று. விருந்து நாளிலிருந்தே, வேலையில்லாத நாளில் எதற்கு வீணாகக் குத்திக்கொள்வது என்று நானும் பாவாடையும் ஏகமனதாக முடிவு செய்தோம். முசேவிடம் கேட்கவில்லை; விருந்து அமளியில் அவரும் கவனிக்கவில்லை.

ஒரு மணி சுமாருக்கு ஆறுமுகம் என்றொரு சொல்தா வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். நோணாங்குப்பம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துக்காரர். பின்னால் அவர் மனைவி அஞ்சலை, இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை. அவர் அல்ஜேரியாவில் இருந்தபோது பிறந்த குழந்தை அது. எட்டாம் மாதத்தில் பிறந்துவிட்டது. அவர் விடுப்பில் வந்து போன தேதியையும் பிறந்த தேதியையும் அவருடைய அண்ணன்மார் விரல்விட்டு எண்ணி, எண்ணியதைக் கடிதத்திலும் எழுதிவிட்டார்கள். இப்போது மறுபடி விடுப்பில் வந்திருக்கிறார். அடுத்த வாரம் கப்பல். குழந்தை பெயரைத் தன் பிரெஞ்சுக் குடும்பப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றி இருவரையும் கூட்டிக்கொண்டு போவதா, தாய்வீட்டில் விட்டுவிட்டுத் தன் பிள்ளை இல்லை என்று கோர்ட்டில் எழுதிக் கொடுப்பதா என்று தெரிய வேண்டும் அவருக்கு.

அவர் கழுத்தில் தொங்கிய தகட்டில் ஏபி என்று பட்டாளத்தில் பொறித்திருந்தது. "தம்பி, கொழந்தைக்கு மட்டும் பாத்துச் சொல்லு. ரத்தத்துல தெரிஞ்சிடும்னு எங்க ரெஜிமெண்ட் டாக்டர் சொன்னாரு" என்றார்.

மூன்று மணிக்கு முசே எழுந்ததும் வாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல எனக்கு மனமில்லை. முசே இல்லாமல் நானே தீர்த்து வைக்கக்கூடிய கேள்வி வாழ்க்கையில் முதல் தடவை வந்திருக்கிறது. பாவாடை குழந்தையின் குதிகாலைப் பிடித்துக்கொள்ள, நான் குத்தி எடுத்துக் கலந்து ஆட்டினேன். எதுவும் திரியவில்லை. தாய்க்கும் பார்த்தேன். அதுவும் திரியவில்லை. இருவரும் ஓ.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சீட்டில் பிரிவை எழுதி, அதன் கீழே கட்டமும் போட்டு, "ஏபி-காரருக்கு ஓ-வுல கொழந்தை பொறக்காது அண்ணே. ஏ-வோ பி-யோ ஒண்ணு வந்தே ஆவணும்" என்று சொன்னேன். விளக்கம் போதுமா என்றுகூடக் கேட்டேன் என்று நினைக்கிறேன். அந்தச் சீட்டில் பச்சை மை இல்லை.

ஆறுமுகம் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மனைவியைத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டார். நான் செய்தது இன்னதென்று அவர் முதுகைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அஞ்சலை அழவில்லை. குழந்தையை மேசை மேல், என் கண்ணாடிச் சில்லுகளுக்குப் பக்கத்தில், உட்காரவைத்தாள்.

"நீ இன்னா சொன்ன?"

மறுபடியும் சொல்லத் துணிச்சல் வரவில்லை. "ரத்தம் அப்பிடிச் சொல்லுதும்மா" என்றேன்.

"ரத்தம் எங்க சொல்லிச்சி? அந்த சீசா சொல்லுது. சீசா சரியா இருக்குதான்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"கப்பல்ல வந்ததும்மா."

"நான் கருவாடு விக்கறவ. தராசு மேல சந்தேகம் வந்துச்சின்னா எடை தெரிஞ்ச கல்லத் தூக்கி வச்சிப் பாப்போம். ஒன் ரத்தம் இன்னான்னு ஒனக்குத் தெரியுமில்ல? அத்த இதுல ஊத்திக் காட்டு."

பாவாடை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. நகச்சுற்று இல்லாத விரலாகப் பார்த்துக் குத்தினேன். அதே சீசாவிலிருந்து ஒரு சொட்டு. கலந்தேன், ஆட்டினேன். சிவப்பாக, வழவழவென்று, அப்படியே இருந்தது. இன்னும் ஆட்டினேன். பிறந்தது முதல் ஏ, நான்கு வருடமாகத் தினம் காலையில் ஏ என்று நிரூபித்தவன், அந்த மேசையில் ஓ ஆகிவிட்டேன். என் அப்பா ஏபி-யாக இருந்திருந்தால் ரெட்டியார்பாளையத்து நிலத்தில் எனக்கு அன்றைக்கே பங்கில்லை. இப்போதுதான் இதைச் சிரிப்பாக எழுத முடிகிறது. அவள் சில்லைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவும் இல்லை என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

நான் மாடிக்குப் போய் முசேவை எழுப்பினேன். அந்த வீட்டில் அவரை மத்தியானத்தில் எழுப்பியவன் நான் ஒருவன்தான். கோட் இல்லாமல் அவரைப் பார்த்ததும் அன்றைக்குத்தான். முழுவதும் கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். கீழே வந்து, முத்திரை உடைக்காமல் தூளாக வைத்திருந்த புதுச் சீரத்தைக் கரைத்தார். முதலில் என் விரல், அடுத்துப் பாவாடை விரல். என் ரத்தம் உடனே திரிந்தது. பிறகு குழந்தை. அஞ்சலைக்கும் பார்த்தார். சின்னக் குழந்தை ரத்தம் கொஞ்சம் சோம்பலாகத்தான் திரியும். ஆனால் திரிந்தது. குழந்தை ஏ. தாய் ஓ. ஏபி அப்பாவுக்குப் பிறக்கக்கூடிய குழந்தைதான்.

முசே அவளிடம் கைகூப்பினார். "தப்பு எங்களுதும்மா." பிறகு என் பக்கம் திரும்பி, "சீட்டு எழுதின கைதான் போயி அத வாங்கிட்டு வரணும்" என்றார். அஞ்சலை விடவில்லை. "சீட்டு மட்டும் திரும்பி வந்தாப் போதாதுங்க. எங்க ஊட்டு ஆம்பளைங்க நாலு பேர் முன்னால இவரு வாயால சொல்லணும்."

"சொல்லுவான்" என்றார் முசே. புறப்படும்போது என்னைத் தனியே கூப்பிட்டார். "சீசா சொன்னதுக்கு மேல ஒரு வார்த்த சொல்லாத. அந்தாளுக்குப் பொறந்திருக்கலாம்னுதான் ரத்தம் சொல்லுது. அந்தாளுக்குத்தான் பொறந்திச்சின்னு சொல்லல. ஏ ரத்தம் ஊர்ல நாலு பேர்ல ஒருத்தனுக்கு இருக்குது. ஒனக்கே இருக்குது."

படகில் அஞ்சலை ஒரு மூலை, நான் ஒரு மூலை. குழந்தை மட்டும் என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுக்க எட்டி எட்டி வந்தது. குப்பத்தில் வலை உலர்த்தும் மணலில் ஆறுமுகமும் அண்ணன்மார் மூன்று பேரும் அவர்கள் தாயும் இருந்தார்கள். சீட்டு பெரியண்ணன் கையில் இருந்தது. அக்கம்பக்கத்தாரும் கூடிவிட்டார்கள். நான் சொன்னேன். கேக்குக்காகப் பெட்டியை எடுத்து வெளியே வைத்தது, விரலைக் குத்திப் பார்க்காதது, டாக்டர் தூங்கும்போது சீட்டு எழுதியது, ஒன்றையும் விடவில்லை. கேக் என்றதும் கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு அடிதான். குழந்தை ஏ, தப்பு என்னுடையது என்று முடித்தேன்.

பெரியண்ணன் சீட்டைத் தரவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். எங்க தம்பி புள்ளைதானா? ஆமா இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லு."

இதற்குத்தான் முசே எச்சரித்திருந்தார். இருக்கலாம் என்பதுதான் சரியான பதில். அதைச் சொன்னால் அந்த மணலில் யார் காதில் எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணை ஆயுள் முழுக்க அரைத்துவிடுவார்கள். இன்றைக்கென்றால் அந்த இயந்திரத்தில் கொஞ்சம் எச்சிலைப் போட்டுத் தீர்த்துவிடலாம். அன்றைக்கு என்னிடம் இருந்தது இரண்டு சொட்டு சீரமும், ஒரு பெண் என்னிடம் பேசிய பேச்சும். பொய் சொல்கிறவள் சீசாவைச் சோதித்துப் பார் என்று கேட்கமாட்டாள். அஞ்சலை என்னைப் பார்க்கவே இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா. இவரு புள்ளைதான்" என்றேன்.

ஆறுமுகம் எழுந்து அண்ணன் கையிலிருந்த சீட்டை வாங்கிக் கிழித்தார். குழந்தையைத் தூக்கப் போனார்; அஞ்சலை உடனே கொடுக்கவில்லை. "இத்தினி பேரக் கேட்டியே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டே நின்றார். பிறகுதான் கொடுத்தாள். மறு வாரம் மூன்று பேரும் கப்பலேறினார்கள் என்று கேள்விப்பட்டேன். பார்க்க நான் போகவில்லை. போகிற முகம் எனக்கு இல்லை.

அன்று சாயங்காலம் திரும்பி வந்தபோது முசே கோட்டோடு மேசையில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா கேட்டாங்க?"

"அந்தாளு புள்ளைதானான்னு கேட்டாங்க முசே."

"நீ இன்னா சொன்ன?"

"ஆமான்னு சொன்னேன்."

"சீசா அப்பிடிச் சொல்லலையே."

"சொல்லல முசே. நான்தான் சொன்னேன்."

பேனாவை மூடினார், திறந்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"எழுதிக் குடுத்தியா?"

"இல்ல முசே. வாயாலதான்."

"எழுத்துல கேட்டிருந்தாங்கன்னா எழுதி எங்கிட்ட எடுத்தாந்திருக்கலாம்" என்றார். "நானும் பச்ச மையில கையெழுத்து போட்டிருப்பேன்."